மெக்சிகோ கடலோரத்தில் வீடு வாங்க அந்நாட்டுக் குடியுரிமை தேவையா?

கேட்டவர் அமெரிக்கக் குடிமகன். ஓய்வுக்குப் பிறகு மெக்சிகோவில் குடியேற நினைக்கிறார். கடலோரத்தில் வெளிநாட்டவர் பெயரில் நிலம் பதிவாகாதாமே, அப்படியானால் முதலில் குடியுரிமை வாங்கிவிட்டு வீடு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். வீட்டுக்காகக் குடியுரிமை வாங்காதீர்கள். யூகாத்தான் மாநிலத்து மெரிதா நகரில் பத்தாண்டுக்கு மேலாக வசிக்கிறேன். இங்கே வீடு வாங்கி, வசிப்புரிமை பெற்று, கடைசியாகக் குடியுரிமையும் பெற்றவள் என்பதால் சொல்கிறேன். இவை மூன்றும் தனித்தனி விவகாரங்கள். சுற்றுலாப் பயணியாக வந்திருப்பவர்கூட வீடு வாங்கலாம். வாடகை வீட்டிலேயே இருந்து நிரந்தர வசிப்புரிமை பெறலாம். ஒன்று இருந்தால்தான் மற்றது என்று சொல்பவர், அநேகமாக உங்களிடம் எதையோ விற்க வந்தவர்.

உங்கள் பயத்துக்கு வேர் எது என்று எனக்குத் தெரியும். 1917ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 27ஆவது பிரிவு, நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நேரடியாக நிலவுடைமை பெறக் கூடாது என்கிறது. இதை வெறுப்பு என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். குடியேறிகளுக்கு நிலம் கொடுத்து வரவேற்று, 1836இல் டெக்சாஸையே இழந்த நாடு இது. 1848இல் நிலப்பரப்பில் பாதியளவு கைவிட்டுப் போனது. அப்படிப்பட்ட நாடு எல்லையையும் கடலோரத்தையும் பூட்டி வைத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்? உள்நாட்டில் இந்தத் தடை இல்லை. சப்பாலா ஏரிக்கரையிலோ சான் மிகேல் தே அயேந்தேயிலோ வாங்கினால் பத்திரம் நேராக உங்கள் பெயருக்கே வரும். மெரிதாவிலிருந்து கடல் 50 கிலோமீட்டருக்குள் இருப்பதால் நாங்கள் தடைப் பகுதிக்குள் வந்தோம்.

தடைப் பகுதிக்கு உள்ள வழிதான் ஃபிதெய்கொமிசோ எனப்படும் வங்கி டிரஸ்ட். வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதியோடு ஒரு வங்கி சொத்தின் சட்டபூர்வப் பொறுப்பாளராகிறது. அனுபவ பாத்தியதை முழுவதும் நமக்கு. குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம், இடித்துக் கட்டலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு 30 ஆண்டுதான் கெடு. 1993இல் வந்த வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் அதை 50 ஆண்டாக்கியது, முடியும்போது புதுப்பிக்கலாம். வங்கியின் சொந்தச் சொத்தில் இது சேராது. ஆண்டுதோறும் சில நூறு டாலர் கட்டணம் உண்டு, அது சுமைதான். 2013இல் இந்தத் தடையை வீட்டுமனைகளுக்குத் தளர்த்தும் திருத்தத்தைக் கீழவை நிறைவேற்றியது. செனட்டில் அது கிடப்பில் போயிற்று. அதே ஆண்டு அமெரிக்க வருமான வரித்துறையும் இத்தகைய மெக்சிகோ நில ஏற்பாட்டைத் தன் கணக்கில் டிரஸ்டாகக் கருதுவதில்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. வெளிநாட்டு டிரஸ்டுக்கான வரிப் படிவம் கொடுக்க வேண்டும் என்று உங்களை யாராவது மிரட்டினால் அந்தத் தீர்ப்பாணையைக் காட்டுங்கள்.

ஹூஸ்டனில் இருக்கும் என் கொழுந்தனார், "அண்ணி, அந்த வீடு வங்கியுடையது, உங்களுடையது இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கான பதில் பிறகு வருகிறது.

நாங்கள் வாங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதலில் ஒரு தரகர் புரோகிரேசோ துறைமுகத்தைத் தாண்டி ஒரு மனையைக் காட்டினார். கடல் கண்ணெதிரே, விலையோ பாதி. என் கணவர் கிரயப் பத்திரத்தைக் கேட்டார். தரகர் நீட்டியது கிராமக் கூட்டுநிலத்தில் உரிமை மாற்றிக் கொடுப்பதாக எழுதிய ஒரு தாள். எஹிதோ எனப்படும் அந்த நிலங்கள் புரட்சிக்குப் பிறகு விவசாயக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. 1992ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவற்றைத் தனியுடைமையாக மாற்ற வழி உண்டு என்றாலும், முழுதாக மாறி முடியும்வரை வெளிநாட்டவர் வாங்கவே முடியாது. "உங்களுக்குத் தெரிந்த மெக்சிகோக்காரர் பெயரில் எழுதிவிடலாம், ஐயா" என்றார் தரகர். இவர் பதில் பேசாமல் காரில் ஏறிவிட்டார். நம் ஊரில் பினாமி பெயரில் எழுதி நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்களை இவருக்குத் தெரியும். பாஹா கலிபோர்னியா மாநிலத்தில் என்செனாதா நகரை அடுத்த புந்தா பாந்தாவில் 2000ஆம் ஆண்டு என்ன நடந்தது என்று படித்துப் பாருங்கள். எஹிதோ பெயரைச் சொல்லிக் குத்தகைக்குக் கொடுத்த நிலம் வேறு ஆட்களுடையது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, கடலோரத்தில் வீடு கட்டியிருந்த அமெரிக்கர்கள் பெட்டி படுக்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். அங்கே ஆளைக் கவிழ்த்தது டிரஸ்ட் அல்ல, மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் கொடுத்த பணம்.

பிறகு நகருக்குள் ஒரு பழைய வீட்டைப் பிடித்தோம். பூப்போட்ட சிமென்ட் ஓடு பதித்த தரை. எந்த அறைக்குப் போனாலும் சுவரில் ஊஞ்சல் வலை மாட்டும் இரும்பு வளையம். பத்திரப் பதிவு நோட்டாரியோ அலுவலகத்தில் நடந்தது. அமெரிக்காவில் முத்திரை குத்தும் நோட்டரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே நோட்டாரியோ என்பவர் அரசு நியமிக்கும் மூத்த வழக்கறிஞர். வில்லங்கம் பார்ப்பது, வரியைப் பிடித்துக் கட்டுவது, பதிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. பத்திரத்தை அவர் முழுவதும் வாய்விட்டுப் படிக்க, பக்கத்தில் அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தச் சொத்து தொடர்பாக எங்களை மெக்சிகோக்காரர்களாகவே கருதிக்கொள்வோம், அமெரிக்க அரசின் பாதுகாப்பை நாடமாட்டோம், நாடினால் சொத்து இந்த நாட்டுக்குப் போய்விடும் என்ற வாசகம் வந்ததும், இன்னொரு முறை படிக்கச் சொன்னார் என் கணவர். கேட்டுவிட்டு, "நியாயம்தான்" என்று தமிழிலேயே சொன்னார். அவர் கடவுச்சீட்டில் போடும் கையெழுத்தும் தமிழ்தான். ஒவ்வொரு பக்க ஓரத்திலும் அவர் தமிழில் எழுத எழுத, குமாஸ்தா கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு இரண்டு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விற்றவர் பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டச் சொன்னார், முடியாது என்றுவிட்டார். குறைத்து எழுதினால் பின்னால் விற்கும்போது இல்லாத லாபத்துக்கெல்லாம் வரி நம் தலையில் விழும். இன்னொன்று, டிரஸ்டில் எங்களில் ஒருவர் காலத்துக்குப் பின் மற்றவர், இருவருக்கும் பின் மகள்கள் என்று மாற்றுப் பயனாளிகளின் பெயரை எழுத வைத்தார்.

2019இல் அவர் தவறிவிட்டார். மெரிதா வீட்டுக்காக நான் எந்த நீதிமன்றப் படியும் ஏறவில்லை. இறப்புச் சான்றைக் கொடுத்தேன்; வங்கியும் நோட்டாரியோவும் ஆவணத்தை முடித்துத் தந்தார்கள். கொழுந்தனாருக்கு என் பதில் இதுதான்.

தமிழ்நாட்டில் எங்கள் ஊரில் என் கணவர் பங்குக்கு வந்த நன்செய் நிலம் ஒன்று இருக்கிறது. அதன் கதையைக் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழ், அதில் ஒரு எழுத்துப் பிழை, திருத்தம், பட்டா மாறுதலுக்கு மனு, சர்வேயர் வரவில்லை, அதிகாரி மாறிவிட்டார். இன்றுவரை பட்டாவில் இருப்பது என் மாமனார் பெயர்தான். இத்தனைக்கும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள் இந்தியாவில் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாமே தவிர விலைக்கு வாங்க முடியாது. இந்த விதியைப் பற்றி வாய் திறக்காதவர்கள் மெக்சிகோவை மட்டும் குறை சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வசிப்புரிமைக்கு வருவோம். பெரும்பாலானோர் மெக்சிகோவுக்கு வெளியே உள்ள தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விசா கிடைத்தால் 180 நாளுக்குள் உள்ளே வந்து, வந்த 30 நாளுக்குள் அதை வசிப்பு அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். தற்காலிக அட்டை அதிகபட்சம் 4 ஆண்டு, பிறகு நிரந்தரம். வருமானத் தகுதியைக் குறைந்தபட்சக் கூலியின் மடங்குகளாகக் கணக்கிடும் தூதரகங்கள் பல. அந்தக் கூலி 2018இல் நாளொன்றுக்கு 88.36 பெசோ, 2025இல் 278.80. தொழிலாளிகளுக்கு நல்லது நடந்தது, எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நாங்கள் தாண்டிய வேலி இப்போது மிக உயர்ந்துவிட்டது. தூதரகத்துக்குத் தூதரகம் கணக்கு மாறும், கேட்டுக்கொண்டு போங்கள்.

அப்படியானால் நான் ஏன் குடியுரிமை வாங்கினேன்? வாக்குக்காக. அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவின்படி வெளிநாட்டவர் இந்நாட்டு அரசியலில் தலையிடக் கூடாது. மீறினால் நாட்டைவிட்டே அனுப்பலாம். எங்கள் தெருவில் மின்வெட்டைக் கண்டித்து அக்கம்பக்கத்தார் கூடியபோது நான் மட்டும் வாசலோடு நின்றேன். அது உறுத்தியது. பொதுவாக 5 ஆண்டு வசிப்பு வேண்டும். மெக்சிகோக்காரரை மணந்தவர்களுக்கு 2 ஆண்டு. கடைசி 2 ஆண்டில் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. 60 வயது கடந்தவர்களுக்கு வரலாற்றுத் தேர்வு கிடையாது, ஸ்பானிஷ் பேசத் தெரிந்தால் போதும்.

தமிழ்நாட்டில் பிறந்தவராக இருந்தால் உங்கள் சிக்கல் பிறப்புச் சான்றில்தான் இருக்கும். என்னுடையதில் பெயரே இல்லை. 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. பெயரைச் சேர்த்து, அப்போஸ்டில் எனப்படும், வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்றொப்பம் வாங்கி, ஸ்பானிஷில் பெயர்த்துக் கொடுத்தால், தாய்வழிக் குடும்பப்பெயர் எங்கே என்றார்கள். இங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுவதில்லை; என் அமெரிக்கக் கடவுச்சீட்டிலோ கணவர் பெயர். திருமணச் சான்றையும் அதே சுற்றுக்கு அனுப்பிய பிறகுதான் முடிந்தது. 2024 ஜூன் 2 அன்று வாக்களித்தேன். இங்கேயும் அழியாத மை உண்டு, வலது கட்டைவிரலில்.

மெக்சிகோக்காரியான பிறகு டிரஸ்டைக் கலைத்து வீட்டை நேரடியாக என் பெயருக்கு மாற்றலாம். நான் மாற்றவில்லை. என் மகள்கள் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் பெயர் ஏற்கெனவே டிரஸ்டில் இருக்கிறது. அதைக் கலைத்துவிட்டு அவர்களைப் புதிதாக ஒரு டிரஸ்டுக்கு அலையவிட எனக்கு விருப்பமில்லை. மேலும், விண்ணப்பத்தில் வேறு குடியுரிமையைத் துறப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டுவிடும் எண்ணம் இல்லாதவரை அமெரிக்கா அதை இழப்பாகக் கொள்வதில்லை. ஆனால் இப்படிக் குடியுரிமை பெற்றவர் தொடர்ந்து 5 ஆண்டு வெளிநாட்டில் வசித்தால் மெக்சிகோ அதைப் பறிக்கலாம். பேரப்பிள்ளைகளோடு இருக்க நீங்கள் திரும்பிப் போகக்கூடியவர் என்றால் நிரந்தர வசிப்புரிமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் வழக்கறிஞர் அல்ல, மனை விற்பவளும் அல்ல. முன்பணம் கொடுக்கும் முன், பொதுப் பதிவேட்டிலிருந்து வில்லங்கச் சான்று எடுத்துத் தரும்படி நீங்களே தேர்ந்தெடுத்த நோட்டாரியோவிடம் கேளுங்கள். தரகர் கைகாட்டும் ஆளிடம் போகாதீர்கள்.