வாசலுக்கு வந்த பொறியியலாளரைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: எனது மகள் திருமணமாகி இலண்டனில் வாடகை வீடொன்றில் வசிக்கிறாள். அங்கே குளிர்காய்வதற்கென்று சுவரோடு பொருத்திய காஸ் கணப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பரிசோதிக்க வந்த பொறியியலாளரை, கைக்குழந்தையோடு தனியே இருந்தபடியால், இருமுறை திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது வீட்டு உரிமையாளர் கடிதம் போட்டிருக்கிறார். “கணப்பு நன்றாகத்தான் எரிகிறது, காஸ் மணமே இல்லை” என்கிறாள். அந்தப் பொறியியலாளரை உள்ளே விடத்தான் வேண்டுமா? இங்கே எங்கள் வீட்டுக் காஸ் அடுப்பையும் இப்படிப் பார்க்க வேண்டுமா?
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, இன்றைக்கே மகளுக்குத் தொலைபேசி எடுத்து, அவரை உள்ளே விடச் சொல்லுங்கள். மணம் இல்லை என்பதை மகள் பாதுகாப்பாக எண்ணுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. நாம் காஸ் மணம் என்பது, கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே வாயுவில் சேர்க்கப்படும் ஒரு பொருளின் மணம். வாயு முழுமையாக எரியாதபோது உண்டாகும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனுக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால் தலையிடி, குமட்டல், சோர்வு என்று தொடங்கும். தடிமன் காய்ச்சலாக்கும் என்று படுத்தவர் எழும்பாமலே போனதுண்டு. யன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டு கைக்குழந்தையோடு இருக்கும் அறையில் இது சிறிய விடயமல்ல.

வருபவர் வீட்டை நோட்டம் பார்க்க வருபவரல்லர். கதவு யன்னல்களைச் சாத்தி, கணப்பைச் சில நிமிடம் எரியவிட்டு, புகையும் குச்சியொன்றை அதன் மேல்விளிம்பில் பிடிப்பார். புகை இழை உள்ளே இழுபட்டுப் புகைபோக்கிக்குள் போனால் நல்லது. அறைப்பக்கம் திரும்பினால் நச்சுவாயுவும் அதே வழியில்தான் வருகிறது. தேவையானால் கணப்பைக் கழற்றி, பின்னால் விழுந்து கிடக்கும் கல், புகைக்கரி, பறவைக்கூட்டுச் சுள்ளிகளையும் பார்ப்பார். சுவாலையின் நிறம், வாயுவின் அமுக்கம், அழகுக்காக வைத்திருக்கும் போலிக் கரித்துண்டுகள் உரிய முறையில் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பனவும் இதில் அடங்கும். துப்புரவு செய்யும்போது அத்துண்டுகளை இடம் மாற்றி வைப்பதே சுவாலையைக் கெடுத்துவிடும் என்பதை மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

1998ஆம் ஆண்டின் பிரித்தானிய விதிகளின்படி, வாடகைக்கு விட்ட வீட்டில் உரிமையாளருக்குச் சொந்தமான காஸ் சாதனங்களை 12 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பிப்பதும், அறிக்கையின் பிரதியை 28 நாட்களுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுப்பதும் உரிமையாளரின் கடமை. மகள் தயங்கியதிலும் நியாயம் இருக்கிறது. கணவர் வீட்டில் நிற்கும் நாளொன்றை எழுத்தில் கேட்டு வாங்கலாம். வருபவரிடம், அங்கே காஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர்களுக்குரிய ‘காஸ் சேஃப்’ அடையாள அட்டையைக் கேட்டு, முன்பக்கத்திலுள்ள படத்தையும், எந்தச் சாதனங்களில் வேலை செய்யத் தகுதி பெற்றவர் என்று பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் பார்த்த பிறகு கதவைத் திறக்கட்டும். இங்கிலாந்தில் 2022 ஒக்டோபர் முதல், இத்தகைய கணப்புள்ள அறையில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி பொருத்துவதும் உரிமையாளரின் பொறுப்பு. அது இல்லாவிட்டால் தயங்காமல் கேட்கலாம்.

இனி உங்கள் அடுப்பு. 2021ஆம் ஆண்டு இறுதியில் இலங்கையெங்கும் காஸ் விபத்துகள் அடுத்தடுத்து நடந்தபோது நாம் எல்லோரும் சிலிண்டரைப் பயத்தோடு பார்த்தோம். அதன் பிறகு மறந்துவிட்டோம். ஆண்டுதோறும் நம் வாசலுக்கு வந்து பார்ப்பவர் எவரும் இல்லாதபடியால் நாமேதான் பார்க்க வேண்டும். நமது சிலிண்டர் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு படிந்து கிடக்கும். மணம் வந்தால் மின்விசிறியைப் போடவோ மின்குமிழை அணைக்கவோ வேண்டாம். சுவிச்சில் எழும் சிறு பொறியே போதும். ரெகுலேற்றரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே போங்கள்.

சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையை ரெகுலேற்றர் பொருந்தும் இடத்திலும், குழாயின் இரு முனைகளிலும், வளைவுகளிலும் தடவிப் பாருங்கள். எனது சமையலறையில் சென்ற வருடம் அப்படித் தடவியபோது, அடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வளைவில் கடுகளவு குமிழி ஒன்று ஊதி உடைந்து, மறுபடியும் ஊதியது. அதுவரை ஒரு நாளும் மணம் வந்ததில்லை. குழாயை அன்றைக்கே மாற்றினேன்.