வாந்தி வராது என்று உறுதி தர முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 34. இன்னும் ஏழு வாரத்தில் எடைக் குறைப்புக்கான ஸ்லீவ் அறுவை சிகிச்சை. சர்க்கரை, மூட்டு வலி எல்லாம் சேர்ந்துகொண்டதால் நானே நன்றாக யோசித்து எடுத்த முடிவு. கத்தி, ரத்தம், வலி எதற்கும் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் வாந்திதான். எட்டு வயதில் வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாந்தி எடுத்ததிலிருந்து இப்படி. கடைசியாக எடுத்தது 15 வயதில். யாராவது வயிற்றைப் பிடித்தால் அந்த அறையை விட்டே போய்விடுவேன். உணவுப் பொட்டலத்தில் தேதியை மூன்று முறை பார்ப்பேன். பஸ்ஸில் போனால் தலை சுற்றும், அதனால் பயணங்களையே குறைத்துவிட்டேன். கைப்பையில் வாந்தி மாத்திரை இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. இந்த அறுவைக்குப் பிறகு பலருக்கு வாந்தி வரும் என்று படித்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. டாக்டரிடம் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இதற்கா பயம் என்று சிரிப்பாரோ என்று கூச்சம். கணவரிடம் தினமும் பலமுறை கேட்கிறேன், ‘அதெல்லாம் வராது’ என்கிறார். யாராவது உறுதியாக ‘வராது’ என்று சொன்னால் போதும். இல்லையென்றால் ரத்து செய்துவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, அந்த உறுதியை என்னால் தர முடியாது. உங்கள் டாக்டராலும் முடியாது. தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பயத்துக்கு இத்தனை வருடமாகத் தீனி போட்டு வருவதே நீங்கள் தேடும் அந்த உறுதிதான். பையில் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறீர்கள், கொஞ்ச நேரம் நிம்மதி. கணவரிடம் கேட்கிறீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதி. வட்டிக்குக் கடன் வாங்குவது மாதிரிதான் இது. கையில் வாங்கும்போது சுகமாக இருக்கும், அசல் மட்டும் குறையவே குறையாது.

உங்களுக்கு இருப்பதற்கு எமெட்டோஃபோபியா என்று பெயர். மனநல மருத்துவத்தில் முறையாக அடையாளம் காணப்பட்ட ஒரு ஃபோபியா. பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கும், பெண்களிடம் அதிகம். இதற்குப் பயந்து குழந்தை பெறுவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குமட்டுமோ என்று தேவையான மருந்தைக்கூட விழுங்காதவர்கள் இருக்கிறார்கள். உடம்பின் அளவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டர் சிரித்தால் அது அவருடைய குறை.

இந்தப் பயத்தில் ஒரு சுழற்சி இருக்கிறது. பயந்தால் இரைப்பையின் இயக்கம் மந்தமாகும், வயிற்றைப் புரட்டும். அந்தப் புரட்டலை ‘வரப்போகிறது’ என்று மனம் எடுத்துக்கொள்ளும். பயம் இன்னும் ஏறும், குமட்டலும் கூடவே ஏறும். ஆனால் உங்கள் கடிதத்திலேயே இதற்கு மறுப்பும் இருக்கிறது. இந்த 19 வருடத்தில் எத்தனை தடவை குமட்டியிருக்கும்! ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. மாத்திரை பையில் இருந்ததால்தான் தப்பித்தேன் என்று மனம் வாதாடும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். குமட்டல் வந்தால் வாந்தி வந்தே தீரும் என்பதில்லை.

இனி அறுவை சிகிச்சைக்கு வருவோம். மயக்க மருந்துக்குப் பின் வரும் முதல் ஒன்றிரண்டு நாள் ஒரு கதை. அதற்குப் பிந்தைய மாதங்கள் வேறு கதை. நீங்கள் பயப்படுவது முதலாவதற்கு. நான் கவலைப்படுவது இரண்டாவதற்கு.

முதல் கதையை மயக்க மருந்து நிபுணர்கள் நன்றாகவே படித்துவைத்திருக்கிறார்கள். யாருக்குக் குமட்டல் வரும் என்று முன்கூட்டியே கணிக்க அவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: பெண்ணா, புகைபிடிக்காதவரா, பயணத்திலோ முந்தைய அறுவையிலோ குமட்டல் வந்திருக்கிறதா, அறுவைக்குப் பின் ஓபியாய்டு வகை வலி மருந்து தேவைப்படுமா. (புகைபிடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்காக இப்போது ஆரம்பித்துவிடாதீர்கள்.) அடுத்த கணக்கைச் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தேன். எப்படியும் நீங்களே தேடிப் படித்துவிடுவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நான்கும் பொருந்தி, தடுப்பு எதுவும் செய்யாவிட்டால் 10 பேரில் ஏறக்குறைய 8 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரலாம். இதில் ‘தடுப்பு எதுவும் செய்யாவிட்டால்’ என்பதைத்தான் அடிக்கோடிட வேண்டும். உங்களைப் போன்றவரை யாரும் தடுப்பு இல்லாமல் அறுவை அரங்குக்குள் அழைத்துப் போகக் கூடாது.

தடுக்க என்னென்ன இருக்கின்றன? ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிரோபெரிடால் போன்ற மருந்துகள் ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் வேலை செய்பவை. ஒவ்வொன்றும் அபாயத்தை ஏறக்குறைய கால் பங்கு குறைக்கும் என்று பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால்தான் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அப்ரெபிடன்ட் என்ற மாத்திரையை முன்கூட்டியே தருவதும் உண்டு. மயக்க வாயுவைத் தவிர்த்து, புரொபோஃபால் மருந்தை ரத்தக்குழாய் வழியாகவே செலுத்தி முழு மயக்கம் கொடுத்தாலும் குமட்டல் குறையும். வலிக்கு ஓபியாய்டைக் குறைத்து வேறு மருந்துகளைச் சேர்ப்பது இன்னொரு வழி. உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? பேச நா எழாது என்றால் இதை ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்:

‘எனக்குச் சிறு வயதிலிருந்து வாந்தி பற்றிய கடுமையான ஃபோபியா இருக்கிறது. பயணத்தில் தலை சுற்றும். குமட்டல் தடுப்புக்கு என்னென்ன மருந்து தரப்போகிறீர்கள்? அதையும் மீறிக் குமட்டினால் அடுத்து என்ன தருவீர்கள்? இரவில் நான் யாரைக் கூப்பிட வேண்டும்?’

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். லேசாகக் குமட்டும்போதே பெல்லை அடியுங்கள், பொறுத்துப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம்: ஊசிக்கு முன் தோலைத் துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பஞ்சை மூக்கருகே வைத்து மெதுவாக மூச்சிழுத்தால் குமட்டல் குறைகிறது என்று ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. கேட்டால் நர்ஸ் கொடுப்பார்.

சரி, வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். ஸ்லீவ் செய்யும்போது இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒல்லியான ஒரு குழாய். எட்டு வயதில் நடந்தது நிறைந்த வயிற்றோடு. இனி வந்தாலும் பெரும்பாலும் சிக்கிய கடைசி வாய் உணவும் நுரைத்த எச்சிலுமாக மேலே வரும், வந்ததும் நெஞ்சு லேசாகும். அதை எதுக்களிப்பு என்றே பலர் சொல்கிறார்கள். அதற்கான காரணங்கள் பெரும்பாலும் நம் கையில் இருப்பவை. அவசரமாக விழுங்குவது, பெரிய கவளம், சரியாக மெல்லாதது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, போதும் என்று வயிறு சொன்ன பிறகும் ஒரு வாய். நெஞ்சுக்கு நடுவில் அடைப்பது போலத் தோன்றினால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து மெதுவாக நடங்கள். மேலே தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள்.

நான் கவலைப்படும் இடத்துக்கு இப்போது வருகிறேன். ஒருநாள் ஏதோ ஒரு உணவு சிக்கிக்கொள்கிறது என்று வையுங்கள். ஃபோபியா இல்லாதவர் ‘அடடா, வேகமாகச் சாப்பிட்டுவிட்டேன்’ என்று விட்டுவிடுவார். நீங்கள் அந்த உணவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவீர்கள். அடுத்த வாரம் இன்னொன்று. அப்புறம் திட உணவு எல்லாமே சந்தேகத்துக்குரியது ஆகிவிடும். திரவ உணவிலிருந்து மசித்ததற்கும், மசித்ததிலிருந்து மென்மையானதற்கும் படிப்படியாகப் போக வேண்டிய நேரத்தில் நீங்கள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடலாம். இதில் கொடுமை என்னவென்றால், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெற்றியாகத் தெரியும். எடை மளமளவென்று இறங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். தினமும் குறைந்தது 60 கிராமாவது புரதம் போக வேண்டிய உடம்புக்குள் பாதிகூடப் போயிருக்காது. முடி கொட்டும், தசை கரையும், வைட்டமின் மாத்திரையும் ‘குமட்டுகிறது’ என்று ஒதுக்கப்பட்டிருக்கும். பயம்தான் சாப்பாட்டை நிறுத்தியது என்று யாருக்கும் தோன்றாது. அதனால் அறுவைக்குப் பிந்தைய பரிசோதனைகளில் எடை எவ்வளவு குறைந்தது என்பதோடு, என்னென்ன உணவை நிறுத்திவிட்டேன் என்பதையும் கேட்கும்படி உங்கள் டயட்டீஷியனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இந்தக் காரணத்தால்தான் பயத்துக்கான சிகிச்சையை அறுவைக்கு முன்பே தொடங்குங்கள் என்கிறேன். இதற்குப் பலன் தருவது சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை. அதில் பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். முதலில் அந்தச் சொல்லை எழுதுவது, சத்தமாகச் சொல்வது. பிறகு கேலிச்சித்திரம், ஓசை, காணொளி. சுழல் நாற்காலியில் சுற்றி வேண்டுமென்றே தலைசுற்றலை வரவழைத்து, குமட்டலோடு கொஞ்ச நேரம் இருந்து பார்ப்பது. கூடவே, தேதியை ஒரு முறை மட்டும் பார்ப்பது, மாத்திரை இல்லாமல் தெருமுனை வரை போய் வருவது. யாரும் உங்களை வாந்தி எடுக்க வைக்க மாட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 அமர்வுகள் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைத்தது. சிறிய ஆய்வுதான், மொத்தம் 24 பேர். பாதி என்பது முழுமையும் அல்ல. ஆனாலும் ஏழு வாரம் தூங்காமல் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ரத்து செய்யட்டுமா என்று கேட்டீர்கள். இந்தப் பயத்துக்காக மட்டும் வேண்டாம். ஒருவேளை எடைக் குறைப்பு ஊசிகளுக்கு மாறிவிடலாம் என்று மனம் ஓடியிருந்தால், அங்கேயும் இதே விருந்தாளிதான். அந்த ஊசிகளில் ஒன்றான செமாக்ளுடைட் பற்றி 2021-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய 44 சதவீதம் பேருக்குக் குமட்டலும், 25 சதவீதம் பேருக்கு வாந்தியும் வந்தன. தள்ளிப்போடுவது வேறு. இப்போதே நாலைந்து ‘பாதுகாப்பான’ உணவுகளை மட்டும் சாப்பிட்டு வருகிறீர்கள் என்றாலோ, பயத்தில் முந்தைய நாள் ஓடிவிடுவேன் என்று தோன்றினாலோ, சிகிச்சை கொஞ்சம் பிடிபடும் வரை தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று அறுவை மருத்துவரிடமும் சைக்காலஜிஸ்ட்டிடமும் சேர்ந்தே கேளுங்கள். இது திட்டமிட்டுச் செய்யும் அறுவை, தேதியை மாற்றுவது அவர்களுக்குப் புதிதல்ல. பல இடங்களில் அறுவைக்கு முன் மனநல மதிப்பீடு ஒன்று நடக்கும். அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஃபோபியா தெரிந்த வீட்டார் எல்லாவற்றையும் ‘பயம்தான்’ என்று தள்ளிவிடக் கூடாது. அறுவைக்குப் பின் ஒருநாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை என்றால், வாந்தியில் ரத்தம் இருந்தால், காய்ச்சல், கடும் வயிற்று வலி, இதயப் படபடப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல நாட்கள் வாந்தி தொடர்ந்தாலோ சாப்பாடே இறங்காமல் இருந்தாலோ தயமின் என்னும் பி1 வைட்டமின் தீர்ந்துபோகும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் அதன் அறிகுறிகள். அது மூளையைப் பாதிக்கும் அவசர நிலை.

கடைசியாக உங்கள் கணவருக்கு. அன்போடுதான் ‘வராது’ என்கிறார், அது புரிகிறது. இனி அந்தக் கேள்விக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் பதில் சொல்லட்டும், அதுவும் ‘வரலாம், வந்தால் நான் பக்கத்தில் இருப்பேன்’ என்று. இரண்டாவது தடவை கேட்டால் ‘காலையிலேயே சொல்லிவிட்டேனே’ என்று பேச்சை மாற்றட்டும். முதல் வாரம் உங்களுக்குக் கோபம் வரும். சண்டை போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.