பட்டறைக் கேள்வி–பதில்: வளைகோடு சரிந்தால் போதுமா?

கேள்வி: இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவையில் 8 மி.மீ. விட்டம், 12 மி.மீ. உயரம் உள்ள உருளையை 1,050 டிகிரி செல்சியஸில், நொடிக்கு 10 என்ற திரிபு (வடிவ மாற்ற) வீதத்தில், பாதி உயரத்துக்கு அழுத்தினேன். வளைகோட்டில் தகைவு (பரப்பலகுக்கான விசை) ஏறி, உச்சம் தொட்டு, சரிகிறது. ‘டைனமிக் ரீகிரிஸ்டலைசேஷன்’ என்று எழுதினேன். வழிகாட்டி சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஏன்?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அடித்தது சரிதான். டைனமிக் ரீகிரிஸ்டலைசேஷன் என்றால், அழுத்தும்போதே பழைய கிரெய்ன்களின் (உலோகத்தில் உள்ள படிகத் துகள்களின்) இடத்தில் புதியவை பிறப்பது. அது தகைவைக் குறைக்கும், ஆனால் சூடும் அதையே செய்யும். 12 மி.மீ. 6 ஆவது என்றால் மெய்த் திரிபு சுமார் 0.7. நொடிக்கு 10 வீதத்தில் அது 0.07 நொடியில் முடிந்துவிடும். செலுத்திய வேலையில் 95 சதவீதம் வெப்பமாகிறது, வெளியேற நேரமில்லை. சராசரித் தகைவு 300 மெகாபாஸ்கல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: ஒரு கன மீட்டருக்கு 210 மெகாஜூல். அதை அடர்த்தி 8,190, வெப்ப ஏற்புத்திறன் சுமார் 620 ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால், உருளையின் சூடு ஏறக்குறைய 40 டிகிரி கூடியிருக்கிறது. உங்கள் ஊர்க் கருப்பட்டி வெயிலில் இளகுவதுபோல, உலோகம் சூட்டில் இளகுவதும் வளைகோட்டைச் சரிக்கும்.

எனவே முதலில் திருத்தம். அதே வீதத்தில் 1,000, 1,050, 1,100 டிகிரிச் சோதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே திரிபில் உள்ள தகைவுகளை, நடு உயரத்தில் பற்றவைத்த தெர்மோகப்பிள் காட்டிய உண்மைச் சூட்டுக்கு எதிராக வரைந்து, 1,050-க்கு உரியதை அந்தக் கோட்டிலிருந்து படியுங்கள். அதற்குப் பிறகும் சரிவு மிஞ்சினால்தான் ரீகிரிஸ்டலைசேஷன் என்ற பேச்சே.

அப்போதும் வெட்டிப் பார்க்காமல் எழுதாதீர்கள். அழுத்திய அச்சின் வழியே பிளந்து, நடுப்பகுதியைப் பாருங்கள். பட்டடையை ஒட்டிய முனைகளில் உலோகம் சரியாக அசைந்தே இருக்காது. 5 கிராம் குப்ரிக் குளோரைடு, 100 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மி.லி. எத்தனால் கலந்த காலிங்ஸ் கரைசலைப் புகைபோக்கிக்குக் கீழே வைத்துத் தடவுங்கள். பழைய கிரெய்ன்களின் எல்லை முதலில் ரம்பப் பல்போல் வெளியே புடைக்கும். அங்கேதான் பொடிக் கிரெய்ன்கள் மாலை கோர்த்தாற்போல் பிறக்கும். மாலை தடித்து, நடுவில் இருக்கும் பெரிய கிரெய்னை விழுங்கினால் வேலை முழுமை.

இங்கும் ஒரு பள்ளம் உண்டு. அழுத்தியபின் உருளையைச் சட்டெனக் குளிர்விக்கும் தண்ணீர் பாய இரண்டு நொடி தாமதித்தாலே, பிறந்த கிரெய்ன்கள் அழுத்தம் இல்லாமலே வளர்ந்துவிடும். நொடிக்கு 10-இல் அழுத்தியது 0.1-இல் அழுத்தியதைவிட அதிகம் ரீகிரிஸ்டலைஸ் ஆகியிருப்பதாகச் சிலர் வியப்பதன் பின்னால் இந்தத் தாமதமும் மேலே சொன்ன 40 டிகிரியும் பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: உருளை பீப்பாய்போல் வீங்குகிறது. மெஷின் கோளாறா?
— வாசகி, வாளையார்

பதில்: பெரும்பாலும் உராய்வு. இரு முனைகளிலும் கிராஃபைட் தாள் வையுங்கள். அதற்கும் உலோகத்துக்கும் நடுவே டாண்டலம் தகடு இருக்கட்டும், இல்லையென்றால் கார்பன் உள்ளே ஊறும். முனைகள் இணையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் பீப்பாய்க்குப் பதில் ஒரு பக்கம் வழுக்கும். மெஷினில் பார்க்க வேண்டியது வேகம். வீதம் மாறாமலிருக்க, உயரம் குறையக் குறைய ராம் (அழுத்தும் தண்டு) வேகமும் குறைய வேண்டும்: 0.1 வீதத்துக்குத் தொடக்கத்தில் நொடிக்கு 1.2 மி.மீ., முடிவில் 0.6.

கேள்வி: ஹைதராபாத் மிதானி உலோக ஆலையின் சூப்பர்னி 718 (அதே 718 கலவை) கம்பியை ஃபோர்ஜ் செய்கிறோம். கிரெய்ன் பொடியாக வேண்டும். எந்தச் சூடு? சில துண்டுகளில் விளிம்பு வெடிக்கிறது.
— வாசகர், நகரி

பதில்: உங்கள் ஊர்த் தறிச் சத்தத்துக்கு நடுவே 718-ஆ! நல்லது. கடைசிச் சூடு 980 முதல் 1,000 டிகிரி. சுமார் 1,010 முதல் 1,030-க்குள் டெல்டா ஃபேஸ் (கலவைக்குள் படியும் நிக்கல்–நியோபியம் சேர்மம்) கரைந்துவிடும். அது இருக்கும்வரைதான் எல்லைகளைப் பிடித்துக் கிரெய்னை ஊதவிடாது. அதற்காக 900-க்கு இறங்கிவிடாதீர்கள். டெல்டா ஊசி ஊசியாக நிறையப் படிந்து அச்சு திணறும்.

விளிம்பு வெடிப்புக்கு முதலில் கந்தகத்தைச் சந்தேகியுங்கள். நிக்கலும் கந்தகமும் சேர்ந்தது சுமார் 640 டிகிரியிலேயே உருகி எல்லைகளுக்குள் ஓடிவிடும். குறியிட்ட கிரேயான், கட்டிங் ஆயில், கைக்கறை எல்லாவற்றையும் உலைக்கு முன் அசிட்டோனில் துடையுங்கள். ஃபர்னஸ் ஆயில் உலையானால் சுடர் நேரே கம்பியில் படக் கூடாது. மின்னுலை கிடைத்தால் அதுவே உத்தமம்.