ஆப்டோமெட்ரி படிப்புக்குக் கடன் 20,500 டாலர்தானா?

அமெரிக்காவில் ஆப்டோமெட்ரி (கண்பார்வைப் பரிசோதனை மருத்துவம்) படிக்கப்போகும் உங்களுக்குக் கல்லூரி அனுப்பிய நிதியுதவிக் கடிதத்தில் உள்ள 20,500 டாலர் சாதாரண முதுநிலை மாணவருக்கான ஆண்டு வரம்பு. ஆப்டோமெட்ரி முடித்தால் கிடைக்கும் ஓ.டி. தொழில்முறைப் பட்டம், 2026 ஜூலை 1 முதல் அதற்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் வரை அமெரிக்க அரசுக் கடன் உண்டு.

பெரும்பாலும் உங்களை முதுநிலை வகையில் பதிந்திருப்பார்கள். நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி, எந்த வகையில் பதிந்திருக்கிறார்கள், முழுநேர மாணவராகத்தானா என்று இரண்டையும் கேளுங்கள். பகுதிநேரம் என்றிருந்தால் வரம்பு அந்த விகிதத்தில் குறையும்.

அதே மடலில் எச்பிஎஸ்எல் என்ற, மருத்துவத் துறை சார்ந்த படிப்புகளுக்கான அரசுக் கடனையும் கேட்டுவிடுங்கள். 5% நிலையான வட்டி, படிக்கும்போது வட்டி ஏறாது. உண்மையிலேயே நல்ல கடன், ஆனால் எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவி விண்ணப்பத்தில் பெற்றோர் வருமானத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் பலருக்கு இது கைநழுவுகிறது, திருத்தி அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை: முதுநிலை, தொழில்முறை மாணவர்களுக்கு இருந்த கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் புதியவர்களுக்கு இனி இல்லை. நான்கு ஆண்டும் 50,000 எடுத்தால் மொத்த வரம்பு அங்கேயே தீரும். ஓராண்டு திரும்பப் படிக்க நேர்ந்தால் மிச்சம் தனியார் கடன்தான். அதற்கு வருமானத்தைப் பொறுத்த அரசுத் தவணைத் திட்டம் பொருந்தாது. வாழ்க்கைச் செலவைக் குறைத்து, தேவையானதை மட்டும் எடுங்கள்.