ஆறு மாதமாக யூடியூப் பாடங்களைப் பார்த்து டிஜிட்டல் ஓவியம் பழகுகிறேன். வீடியோ இல்லாமல் எதையும் வரைய வரவில்லையே, ஏன்?

இணையப் பாடங்களைப் பின்பற்றி முப்பது படங்கள் வரை முடித்துவிட்டதாகவும், பார்த்தவர்கள் பாராட்டினாலும் வீடியோவை மூடிவிட்டு வெற்றுத் திரையின் முன் உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். திறமைக் குறைவுதான் காரணமா, கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் டேப்லெட்டில் திரையுள்ளதை வாங்கினால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓராண்டுக்கு மேல் நானும் இதே இடத்தில் நின்றவன் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

திறமைக் குறைவு காரணம் அன்று. ஒரு பாடத்தைப் பார்த்துப் பார்த்து வரையும்போது ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, நிழலுக்கு என்ன நிறம், எந்தத் தூரிகை, எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது ஆகிய முடிவுகளையெல்லாம் ஆசிரியரே எடுத்துவிடுகிறார். நாம் அவற்றை நிறைவேற்றுகிறோம். அதில் கை பழகுகிறதே தவிர, முடிவெடுக்கும் கண் பழகுவதில்லை. வெற்றுத் திரை நம்மிடம் கேட்பதோ அந்த முடிவுகளைத்தான்.

எனக்கு இது புரிந்தது ஒரு கத்தரிக்காயால். 2019இல், பகலில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆப்பிள் வரையும் பாடம் ஒன்றை வரிக்கு வரி பின்பற்றி முடித்தபோது, படம் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. மறுநாள் விடுமுறை, அதே முறையில் வேறொரு பொருளை வரைந்து பார்ப்போம் என்று சமையலறை ஜன்னலோரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, அதன்மேல் ஒரு கத்தரிக்காயை வைத்தேன். ஆப்பிளுக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்தேன்: மேலே வெள்ளைப் புள்ளி, கீழே கருநிழல், நடுவில் ஊதா. வந்தது கத்தரிக்காய் அன்று, ஊதா நிறம் பூசிய ஆப்பிள்.

பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் காயை அரை மணி நேரம் பார்த்தேன். அதன் மேலிருந்த பளபளப்பு வெள்ளை அன்று. ஜன்னல் வழியே தெரிந்த வானத்தின் வெளிர்நீலம். அது புள்ளியாகவும் இல்லை. ஜன்னலின் வடிவத்தில், கம்பிகளின் கோடுகளோடு, காயின் வளைவில் நீண்டு வளைந்திருந்தது. எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது அடிப்பக்கம். மிகவும் இருண்டிருக்கும் என்று நான் நினைத்த அந்த இடத்தில், தட்டில் பட்டுத் திரும்பிய ஒளி மெல்லிய சாம்பல் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. உண்மையான இருள் அதற்குச் சற்று மேலேதான் இருந்தது. ஆப்பிள் பாடத்திலும் ஆசிரியர் இதைச் சொல்லித்தான் இருந்தார். நான் அதை ‘கீழே ஒரு வெளிர்கோடு போட வேண்டும்’ என்ற செய்முறையாகக் கேட்டிருந்தேனே ஒழிய, கீழேயுள்ள பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற காரணமாகக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் வழக்கத்தை மாற்றினேன். ஒரு பாடத்தை முதலில் பேனாவைத் தொடாமல் முழுவதும் பார்ப்பேன். ஆசிரியர் ஏதேனும் செய்யும் ஒவ்வொரு முறையும் ஏன் செய்கிறார் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுவேன். இரண்டாம் நாள், கூடவே வரைவேன். மறுநாள் வீடியோவைத் திறக்காமல், நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் வேறொரு பொருளை வரைவேன். இந்த மூன்றாவது நாள் படம் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே மோசமானது என்று கண்டுபிடித்து, அந்த ஓரிடத்துக்காக மட்டும் வீடியோவுக்குத் திரும்பும்போது கிடைப்பது முதல் முறை பார்த்தபோது கிடைக்கவே இல்லை. உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: முப்பத்தொன்றாவது பாடத்துக்குப் போக வேண்டாம், முடித்த முப்பதில் ஐந்தை எடுத்துக்கொண்டு இந்த மூன்றாவது நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் உத்திகளுக்கும் இது பொருந்தும். நிழலுக்கு ஒரு புதிய லேயரை, அதாவது படத்தின்மேல் விரிக்கும் கண்ணாடித்தாள் போன்ற ஓர் அடுக்கை, எடுத்து அதை ‘மல்ட்டிப்ளை’ என்ற கலப்பு முறையில் வையுங்கள் என்று எல்லாப் பாடங்களும் சொல்கின்றன. பெயரிலேயே விடை இருக்கிறது: கணினி அங்கே இரண்டு நிறங்களைப் பெருக்குகிறது. முழு வெள்ளையை 1 என்றும் முழுக் கறுப்பை 0 என்றும் கொண்டால், பாதி வெளிச்சமுள்ள ஒரு நிறத்தின்மேல் பாதி வெளிச்சமுள்ள இன்னொரு நிறத்தை வைக்கும்போது 0.5 × 0.5 = 0.25 ஆகிறது. எனவே எதைப் பெருக்கினாலும் நிறம் இருளுமே தவிர வெளுக்காது, வெள்ளையால் பெருக்கினால் மாறாது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், சாம்பலோ கறுப்போ எடுத்து நிழல் பூசியபோது என் படங்களில் முகங்கள் ஏன் புகைபடிந்தவைபோல் இருந்தன என்பது விளங்கியது. திரையில் எல்லா நிறங்களும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் கலவைதான்; சாம்பல் நிறம் அந்த மூன்றையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது, அதனால் நிழலில் ஒளியின் நிறமாற்றம் எதுவும் தெரிவதில்லை. வெளிர்நீலமோ மங்கிய ஊதாவோ எடுத்துப் பாருங்கள், அதே லேயரில் நிழல் உயிர்பெறும்.

வீடியோக்களைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை மூலக் கோப்புகள். பிரான்ஸ் நாட்டு ஓவியர் டேவிட் ரெவோய் 2014 முதல் இணையத்தில் வெளியிட்டுவரும் ‘பெப்பர் அண்ட் கேரட்’ என்ற சித்திரக்கதையின் கிரிட்டா கோப்புகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கத்தைத் திறந்து லேயர்களை ஒவ்வொன்றாக மறைத்தும் காட்டியும் பாருங்கள். யாரும் விளக்காமலேயே, ஒரு தேர்ந்த கை எதை எதன்மேல் வைக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

வடிவமைப்புப் பக்கம் வந்தால், இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வளைகோடுகள் வரைய உதவும் பென் கருவிதான் பலரையும் விரட்டுகிறது. அதிலுள்ள வளைவுக் கணிதம் கார் வடிவமைப்பிலிருந்து வந்தது. சிட்ரோன் நிறுவனத்தில் டி காஸ்தல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பெசியேவும் தனித்தனியே உருவாக்கியது. கார் உடலின் நீண்ட வளைவை மிகச் சில புள்ளிகளால் சொல்லிவிட முடிகிறது என்பதே அதன் சிறப்பு. ‘ழ’ என்ற எழுத்தை ஸ்கேன் செய்து அதன்மேல் வரைந்து பழகுங்கள். நான் முதலில் நாற்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் வைத்தேன். கோடு முழுவதும் மேடும் பள்ளமுமாக இருந்தது. வளைவு திரும்பும் உச்சிகளில் மட்டும் புள்ளி வைத்து, வளைவைத் திருப்பப் புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ இழுத்தபோது அந்த எழுத்தின் சுழி ஒரே மூச்சில் எழுதியதுபோல் வந்தது.

ஆங்கிலப் பாடங்கள் நமக்குச் சொல்லாத ஒன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம்மாறி எழுத்துகள் சிதறிவிடும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுத்துக்கான அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்குரிய தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அச்சுக்குப் போகும் படமாக இருந்தால் தொடக்கத்திலேயே அளவை முடிவுசெய்யுங்கள். ஏ4 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 2480 × 3508 பிக்சல் தேவை. ஒரு சிறுவர் கதைக்கு நான் வரைந்த முதல் அட்டையில் திரையில் ஒளிர்ந்த கிளிப்பச்சை, அச்சில் காய்ந்த இலையாக வந்தது. அச்சில் கலக்கும் நான்கு மைகளால் எட்ட முடியாத நிறத்தை நான் தேர்ந்தெடுத்திருந்ததுதான் காரணம். இப்போது வண்ணம் தீட்டும்போதே அச்சு நிறத்துக்கான முன்னோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக டேப்லெட். திரையுள்ளது இப்போது வேண்டாம். நோட்டுப் புத்தக அளவில் திரையில்லாத சாதாரணப் பென் டேப்லெட் ஒன்றே போதும். கை ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் இருப்பது சில வாரங்களில் பழகிவிடும். பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் 8192 அழுத்த நிலைகள் என்று விளம்பரத்தில் வரும் எண்ணைப் பார்த்து விலையைக் கூட்டிக்கொள்ளவும் வேண்டாம். நான் இன்றும் 2019இல் வாங்கிய அதே டேப்லெட்டில்தான் வரைகிறேன். பேனாவின் முனையை மட்டும் நான்கு முறை மாற்றியிருக்கிறேன்.