இனவாதி என்று சொல்லிவிட்டு நகராதீர்கள்

கேள்வி: "மலையகத் தமிழருக்கென்று கூடுதல் பிரதேச சபை, கூடுதல் பிரதிநிதித்துவம் என்று கேட்பதே இனவாதம்தான். எல்லோரும் இலங்கையர் என்று இருந்தால் போதாதா?" என்கிறார் என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர். "நீதான் இனவாதி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சரிதானே? அப்புறம், மாகாண சபையால் நமக்கு என்ன கிடைத்தது?
- ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: சரியில்லை. அவர் கேட்டதற்கு நம்மிடம் நியாயமான பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வந்துவிட்டீர்கள்.

2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சத்துக்கு மேல் சனம். இரண்டிலும் தோட்டத் தமிழரே அதிகம். அதே மாவட்டத்தில் கொத்மலையிலும் வலப்பனையிலும் ஏறக்குறைய ஒரு லட்சம்தான். ஆனாலும் பெரிதோ சிறிதோ, அன்றைக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே ஒரு செயலகம், ஒரே ஒரு பிரதேச சபை. மஸ்கெலியாவில் மேல் டிவிசனில் இருக்கும் ஒரு பெண், ஒரு கடிதத்தில் முத்திரை வாங்க அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) இழந்து, பஸ் பிடித்து, செயலகம் இருந்த கினிகத்தேனை வரை போக வேண்டியிருந்தது. போன பிறகு "அந்த அதிகாரி இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாங்க" என்றால் இரண்டு நாள் சம்பளம் போச்சு. 2018 தேர்தலுக்கு முன் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் பிரிக்கப்பட்டன. எந்த இனம் வாழ்ந்தாலும் அந்தச் சனத்தொகைக்கு அது கிடைத்திருக்க வேண்டும். சபை இருந்தும், தோட்டத்துக்குள் அதன் பணத்தைச் செலவிட 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு முட்டுக்கட்டையாக இருந்தது. அதைத் திருத்த 2018 ஆகிவிட்டது. அதுவரை லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) மக்கள் வாக்குப் போட்டார்கள். லயத்துப் பாதைக்கு மட்டும் தோட்டத்தை நடத்தும் துரையின் தயவு வேண்டியிருந்தது.

இன்னும் பின்னால் போங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948இல் நம்மில் பெரும்பாலோரின் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1952இல் ஒரு ஆசனமும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதற்கு அடுத்தது. 1959இல் தொகுதிகளைப் பிரித்தபோது நாடற்றவர்களையும் சனத்தொகையில் சேர்த்தே எண்ணினார்கள். நம் தலைகளால் மலைநாட்டில் ஆசனங்கள் கூடின, அவற்றுக்கு வாக்களிக்க மட்டும் நமக்கு உரிமை இல்லை. "எல்லோரும் இலங்கையர்" என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இதை உங்கள் நண்பரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியாது, பள்ளியில் சொல்லித் தருவதும் இல்லை.

அவருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டங்களுக்காகக் கண்டிய விவசாயிகளின் நிலம் போனது உண்மை. 1927இல், அரசியலமைப்பை ஆராய ஆங்கிலேயர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன், கண்டிச் சிங்களவரின் கண்டிய தேசிய சபை சமஷ்டி ஆட்சி கேட்டது. கரையோரச் சிங்களவரின் கையில் தங்கள் குரல் அமுங்கிவிடும் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை யாரும் இனவாதம் என்று தள்ளிவிட முடியாது. நம்முடையதையும் அப்படித்தான் பார்க்கச் சொல்லுங்கள்.

"இந்தியாவுக்குப் போ" என்று ஒருவன் சொன்னால் அது இனவாதம், முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஒரு கேள்வி கேட்டவரிடம் அந்தச் சொல்லை எறிந்தால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் அதை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். நம் மேடைகளிலும் இந்தப் பழக்கம் முற்றிவிட்டது. கணக்குக் கேட்கும் சொந்தக்காரனையே "பேரினவாதத்துக்கு விலைபோனவன்" என்கிறார்கள்.

மாகாண சபையைப் பற்றி: குறைவாகத்தான் கிடைத்தது. அதற்குக் கொழும்பு அதிகாரத்தைப் பிடித்து வைத்திருந்தது மட்டும் காரணமில்லை. மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்வி அமைச்சு நம்மவர் கையில் இருந்த காலத்திலும் கணித, விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு தீரவில்லை. அவர்களிடமும் கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்குச் சபை வேண்டுமே. மத்திய மாகாணத்துக்குக் கடைசித் தேர்தல் 2013இல், உங்கள் ஊவாவுக்கு 2014இல் நடந்தது. பதவிக்காலம் முடிந்த பிறகு ஆளுநர்தான் நடத்துகிறார். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ் இருக்கின்றன. உங்கள் நண்பரின் கிராமத்துப் பாடசாலையும் பெரும்பாலும் அப்படித்தான். தேர்தல் எப்போது என்ற கேள்வியை இருவரும் சேர்ந்தே கேட்கலாம்.