போனிலேயே வாக்களிக்கலாம் என்றால் பிரதிநிதிகள் எதற்கு?

"எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பழைய கிரேக்க நகரம் ஏதென்ஸ் மாதிரி ஒவ்வொரு சட்டத்துக்கும் நாமே வாக்களித்துவிட்டால் நாடாளுமன்றம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் அப்புறம் கண்ணிலேயே படாத கடுப்பில் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கடுப்பு நியாயம்தான். தத்துவவாதி ரூசோவும் 1762-ல் ஆங்கிலேயர்களைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் எழுதினார்: உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மட்டும்தான் அவர்கள் சுதந்திரமானவர்கள், அது முடிந்ததும் அடிமைகள்.

ஆனால் போனில் பொத்தானை அழுத்துவதுதான் ஏதென்ஸ் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன் வாக்கெடுப்பின் ஆட்சியில் வாழ்ந்த அனுபவம் எனக்கு உண்டு.

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் முன்பெல்லாம் பொதுக்குழு கூடும். கூச்சலும் வெளிநடப்பும் இருக்கும், ஆனாலும் கூடும். புதிதாக வந்த செயலாளர், "எல்லாரும் பிஸி. இனி எல்லா முடிவும் வாட்ஸ்அப் வாக்கெடுப்பில்தான்" என்றார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. நேரடி ஜனநாயகம் வந்துவிட்டது என்றே ஒருவர் எழுதினார்.

ஒருநாள் இரவு, பாதிப் பேர் தூங்கிய பிறகு, ஒரு கேள்வி வந்தது: "புதிய லிஃப்ட் யாரிடம் வாங்கலாம்? அ நிறுவனமா, ஆ நிறுவனமா?" லிஃப்டை மாற்றத்தான் வேண்டுமா, பழுது பார்த்தால் போதாதா என்ற கேள்வியே அதில் இல்லை. காலையில் நான் கண் விழித்தபோது 'அ' ஜெயித்திருந்தது. பழுது பார்ப்பதைப் பற்றிக் கேட்டால், "பெரும்பான்மை முடிவு எடுத்தாயிற்று சார், ஜனநாயகத்தை மதியுங்கள்" என்று பதில். எந்தப் பெரும்பான்மை? கேள்வியை எழுதியவர் ஒரே ஒருவர்!

ஏதென்ஸில் இது நடந்திருக்காது. அங்கே பிநிக்ஸ் குன்றில் கூடிய மக்கள் அவைக்கு முன்னால் என்ன வைக்கலாம் என்பதை 500 பேர் கொண்ட மன்றம் தயார் செய்தது. அந்த 500 பேரும் தேர்தலில் ஜெயித்தவர்கள் அல்ல. பத்துக் குலங்களிலிருந்து குலத்துக்கு 50 பேர் என்று குலுக்கலில் வந்தவர்கள். பதவி ஒரு வருடம், வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. தேர்தல் என்பதே வசதியும் பெயரும் உள்ளவர்களுக்குச் சாதகமானது, குலுக்கல்தான் ஜனநாயக முறை என்பது அந்தக் காலத்துக் கருத்து. அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். படைத்தலைவர்கள் மாதிரி திறமை தேவைப்பட்ட சில பதவிகளுக்கு மட்டும் தேர்தல்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது கணக்கு ஒப்படைப்பு. பதவிக்காலம் முடிந்த ஒவ்வொரு அதிகாரியும் கணக்கு காட்டியாக வேண்டும். குடிமகன் யார் வேண்டுமானாலும் குற்றம் சாட்டலாம். நம் போன் வாக்கெடுப்பில் இதற்கெல்லாம் பொத்தான் எங்கே இருக்கிறது?

சரி, "ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் வாக்கே இல்லையே, அதைப் போய்ப் புகழ்கிறாயே" என்று பின்னூட்டம் வரும். தெரியும். நான் புகழ்வது அவர்கள் யாரைச் சேர்த்தார்கள் என்பதை அல்ல, சேர்த்தவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதை. இன்னொன்று, நேரடி வாக்கு தானாகவே எல்லாரையும் உள்ளே விட்டுவிடாது. சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-ல் ஆண்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மறுத்துவிட்டார்கள். 1971-ல்தான் கிடைத்தது.

அவசர முடிவும் ஏதென்ஸுக்குப் புதிதல்ல. கி.மு. 427-ல் மிட்டிலினி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து தோற்றபோது, அங்குள்ள வயது வந்த ஆண்கள் எல்லாரையும் கொல்லக் கோபத்தில் வாக்களித்துக் கப்பலையும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மனசு உறுத்தி மறுபடி கூடினார்கள், மறுபடி வாதம், நூலிழையில் முடிவு மாறியது. இரண்டாவது கப்பலை விரட்டினார்கள். அதன் துடுப்புக்காரர்கள் துடுப்பை விடாமலே மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவைத் தின்றுகொண்டு, முறை வைத்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த ஏதென்ஸ் தளபதி முதல் ஆணையைப் படித்து முடித்து நிறைவேற்றப் போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கிளர்ச்சியில் முன்னின்றவர்கள் கொல்லப்பட்டாலும் நகரம் பிழைத்தது. எங்கள் செயலாளரிடம் அந்த 'மறுநாள்' கிடையாது. இரவு வாக்கெடுப்பு, காலையில் முன்பணம்.

இந்த இடத்தில் வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். குழுவில் நீள நீளமாகக் குரல் பதிவு அனுப்புகிறவர்களை என்ன செய்வது? கருத்து இருந்தால் தட்டச்சு செய்யுங்கள் ஐயா. ஏதென்ஸின் நீதிமன்றத்தில் பேசுகிறவருக்கு நீர்க்கடிகாரம் வைத்திருந்தார்கள். தண்ணீர் தீர்ந்தால் பேச்சு தீர்ந்தது.

லிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கைப் பார்க்க ஒரு குழு வேண்டும் என்று கேட்டேன். "தேர்தல் வைத்தால் செயலாளரின் ஆள்தான் வருவார்" என்றார்கள். அப்படியானால் குலுக்கிப் போடலாம் என்றேன், சிரித்தார்கள். ஏதென்ஸில் நீதிமன்ற நடுவர்களைக் குலுக்கி எடுக்கக் கல்லில் ஒரு சாதனமே செய்து வைத்திருந்தார்கள். பெயர் பொறித்த வெண்கலச் சீட்டுகளை அதன் துளைகளில் வரிசையாகச் செருகுவார்கள். பக்கத்துக் குழாய் வழியே வெள்ளைக் குண்டு விழுந்தால் அந்த வரிசைக்கு வேலை, கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். எங்களிடம் இருந்தது ஒரு செருப்புப் பெட்டி. வீட்டு எண்களைச் சீட்டில் எழுதி மடித்துப் போட்டு, காவலாளியை எடுக்கச் சொன்னோம்.

வந்தவர்களில் ஒருவர், எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத மூன்றாம் மாடி அம்மா. அவர் லிஃப்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. பழைய லிஃப்டின் பராமரிப்பு ரசீதுகளைக் கேட்டார். ஒரே பழுதுக்கு, ஒரே தேதியில், இரண்டு ரசீதுகள் இருந்தன. புதிய லிஃப்ட் நின்றுபோயிற்று, பழையதைப் பழுது பார்த்தோம். செயலாளர் திருடினார் என்று நான் சொல்லவில்லை. கவனக்குறைவாகவும் இருக்கலாம். யாராவது கேட்டதால்தான் தெரிந்தது என்பது மட்டும் உறுதி.

இதனால் பிரதிநிதிகளே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கோடிக்கணக்கானவர்கள் தினமும் மசோதா படிக்க முடியாது. சுவிஸ்காரர்கள்கூட நாடாளுமன்றத்தைக் கலைத்துவிடவில்லை. அது போட்ட சட்டத்தை 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்த்து மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம், அவ்வளவுதான். வாக்குச்சீட்டோடு எதிர்த்தரப்பு வாதமும் அச்சடித்த கையேட்டில் வீட்டுக்கு வருகிறது. அப்படியும் பல வாக்கெடுப்புகளுக்குப் பாதிப் பேர்கூட வருவதில்லை.

பிரதிநிதி என்றால் யார் என்பதிலும் சண்டை பழையதுதான். பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1774-ல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், நீங்கள் சொன்னபடி ஆடுவது என் வேலை அல்ல, என் அறிவைப் பயன்படுத்துவதுதான் உங்களுக்கு நான் செய்யும் கடமை என்கிற பொருளில் பேசினார். 1780-ல் அந்தத் தொகுதி அவர் கையை விட்டுப் போனது.

குலுக்கலைப் பழங்கதை என்று தள்ள வேண்டாம். அயர்லாந்தில் 2016-ல் சாதாரணக் குடிமக்கள் 99 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, கருக்கலைப்புச் சட்டத்தை வைத்து மாதக்கணக்கில் பேச வைத்தார்கள். பெரிய கட்சிகள் தொடத் தயங்கிய விஷயம். அவர்கள் தந்த பரிந்துரைகளுக்குப் பிறகுதான் 2018-ல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சுமார் 66 சதவீதம் பேர் அரசியலமைப்பை மாற்ற வாக்களித்தார்கள். பேச்சு முதலில், வாக்கு பிறகு.

"மக்களிடம் எல்லாவற்றையும் விட்டதால்தானே ஏதென்ஸ் போரில் தோற்று அழிந்தது" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கி.மு. 404-ல் தோற்றதும், போரில் வென்ற ஸ்பார்ட்டா நகரத்தின் ஆதரவில் ஆட்சிக்கு வந்த முப்பது பேர் நடத்தியது கொலைக்களம். 403-ல் ஜனநாயகம் திரும்பியது, பொதுமன்னிப்பும் கொடுத்தார்கள். அதன்பின் 322-ல் வடக்கே இருந்த மாசிடோனிய அரசு முடித்து வைக்கும்வரை 80 வருடங்களுக்கு மேல் அந்தக் குலுக்கலும் கணக்கு ஒப்படைப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.